சாவி யார் கையில்? வாடகை அறைக்கு வரும் ஸ்மார்ட் பூட்டு

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது பொகவந்தலாவை டவுனில் ஒரு பலசரக்குக் கடை முதலாளி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். அப்பா காலத்திலிருந்து எங்கள் லயத்துக்கு மாதக் கணக்கில் சாமான் கொடுத்த கடை அது. "தங்கச்சி, நீங்க எழுதுற ஆள்தானே, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று மேசைக்குக் கீழிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே கறுப்பு நிறத்தில், கைப்பிடியோடு சேர்ந்த ஒரு கதவுப் பூட்டு. முகப்பில் எண்கள். அவற்றுக்குக் கீழே விரல் வைக்க ஒரு சிறு வட்டம். டுபாயில் வேலை செய்யும் மகன் அனுப்பியிருந்தார். இன்னும் மூன்று வரவிருக்கிறதாம்.

கடைக்கு மேல்மாடியில் நான்கு அறைகள் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். இப்போது இரண்டு ஆசிரியைகள், ஒரு வங்கி ஊழியர், ஒரு மருந்தக உதவியாளர். ஹட்டனில் இருந்து நோர்வூட் வழியாக வரும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் இங்கே தங்க வேறு இடம் தேடுவது கஷ்டம் என்பதால் அறைகள் காலியாகக் கிடப்பதில்லை.

அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவை. ஆள் மாறும்போதெல்லாம் பூட்டை மாற்ற வேண்டியிருக்கிறது. பழைய ஆள் சாவிக்கு நகல் வெட்டி வைத்திருக்கிறாரா இல்லையா என்று யாருக்குத் தெரியும். ஒருமுறை ஒருவர் மூன்று மாத வாடகையைப் பாக்கி வைத்து, அறையைப் பூட்டி, சாவியோடு போய்விட்டார். கதவை உடைப்பதா, பொலிசுக்குப் போவதா என்று தெரியாமல் இரண்டு மாதம் அறை முடங்கிக் கிடந்தது. "இது இருந்தா போன்லயே நம்பர மாத்திப்புடலாம். வாடகை குடுக்காட்டி கதவு தொறக்காது. சண்ட இல்ல, சச்சரவு இல்ல" என்றார்.

அவர் சொன்ன மற்றவற்றில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. 'வாடகை குடுக்காட்டி கதவு தொறக்காது' என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். காரணம், அப்படித் திறக்காத ஒரு கதவின் முன்னால் நானே நின்றிருக்கிறேன்.

கொழும்பின் தெற்குப் புறநகரில் ஓர் அனெக்ஸில் ஒன்றரை வருடம் வாடகைக்கு இருந்தேன். வாசலில் இதேபோல் எண் பூட்டு. வீட்டுக்காரப் பெண்மணி நல்லவர்தான்; தீபாவளிக்கு வட்டிலப்பம் செய்து அனுப்பியிருக்கிறார். ஆனால் சில காலையில், "நேற்றுப் பதினொன்றரைக்குத்தானே வந்தீங்க, வேலை கூடவா?" என்று கேட்பார். எனக்கு முதலில் புரியவில்லை. அவர் அந்த நேரத்தில் விழித்திருக்கவில்லை. அவருடைய போன் விழித்திருந்தது. ஒரு மாதம் எனக்கு வரவேண்டிய எழுத்துக் காசு தாமதமாகி வாடகை நான்கு நாள் பிந்தியது. ஐந்தாம் நாள் இரவு எண்ணை அழுத்தினால் சிவப்பு விளக்கு. மறுபடி அழுத்தினேன், சிவப்பு. மழை. போன் எடுத்தால் "சிஸ்டத்தில ஏதோ பிழை போல" என்றார். வங்கிச் செயலியில் காசு அனுப்பிய சில நிமிடத்தில் பிழை சரியாகிவிட்டது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது. யாராவது கதவில் ஆமைப்பூட்டு போட்டிருந்தால் நான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருக்கலாம், படம் எடுத்திருக்கலாம். இங்கே காட்ட ஒன்றுமே இல்லை.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலாளிக்குச் சொன்னதுபோலவே இங்கும் சொல்லிவிடுகிறேன். உள்ளே சாதாரணமாக நான்கு ஏஏ பற்றரிகள். எண், அட்டை, கைரேகை, போன் என நான்கு விதமாகத் திறக்கலாம். போனில் உள்ள செயலியில் 'நிர்வாகி' என்று ஒருவர் இருப்பார். யாருக்கு எந்த எண், அது எந்தத் தேதி வரை செல்லும், எப்போது அழிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எந்த எண்ணால், எத்தனை மணிக்கு என்று பூட்டு தனக்குள் குறித்துக்கொள்கிறது. அநேகமான பூட்டுகளில் புளூடூத் மட்டும்தான் இருக்கும். நிர்வாகி கதவுக்குக் கிட்ட வந்தால்தான் எதையும் மாற்றலாம், பதிவையும் படிக்கலாம். வைஃபையோடு இணைக்கும் 'கேட்வே' என்ற சிறு பெட்டியைத் தனியாக வாங்கிப் பொருத்தினால் டுபாயில் இருந்தும் கதவை ஆளலாம். முதலாளியின் பெட்டிக்குள் அந்தக் கேட்வேயும் இருந்தது.

பழுதுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பற்றரி இறங்கும் முன்பு பூட்டு எச்சரிக்கும். கவனிக்காமல் விட்டால் வெளியிலிருந்து பவர் பேங்க் கொடுத்துத் திறக்கவும், ஒளித்து வைத்த சாவித் துளையைப் பயன்படுத்தவும் பல பூட்டுகளில் வழி உண்டு. மின்வெட்டால் பூட்டு நிற்காது, ஆனால் ரவுட்டர் நிற்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது. 2017 ஓகஸ்டில் அமெரிக்காவின் லொக்ஸ்டேட் நிறுவனம் தவறான ஒரு மென்பொருள் புதுப்பிப்பை அனுப்பியதில் சுமார் 500 பூட்டுகள் ஒரேயடியாகச் செயலிழந்தன. அவற்றில் பல குறுகிய கால வாடகை வீடுகளில் இருந்தவை. எங்கள் பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வருடக்கணக்காகக் கொழுந்து பறித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும், வெட்டுக் காயம் இருக்கும், பனியில் நனைந்திருக்கும். அம்மாவின் விரலை என் போன் ஒருமுறைகூட அடையாளம் கண்டதில்லை.

இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. கதவை மூடும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியைப் பற்றரி மாற்றித் தீர்க்க முடியாது.

இலங்கைச் சட்டம் இதில் குழப்பமாக இல்லை. வாடகைக்கு இருப்பவர் பாக்கி வைத்தாலும், ஒப்பந்தம் முடிந்தாலும், அவரை வெளியேற்ற வேண்டியது நீதிமன்றத்தின் கட்டளை. உரிமையாளரின் கை அல்ல. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66 ஆம் பிரிவிலிருந்து வருகின்ற பகுதி சாதாரண மக்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. உடைமை பற்றிய தகராறு கைகலப்பாக மாறக்கூடும் என்ற நிலையில் பொலிசோ, பாதிக்கப்பட்டவரோ நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். அப்படி அறிவிப்பதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரைத் திரும்பக் குடியமர்த்தும்படி நீதிமன்றம் கட்டளையிட முடியும். வீடு யாருக்குச் சொந்தம் என்பது அங்கே கேள்வியே இல்லை. யார் இருந்தார், யார் வெளியேற்றினார் என்பதுதான் கேள்வி. இரண்டு மாதம் என்ற அந்தக் கெடுவை மட்டும் தவறவிடக் கூடாது. எனக்கு அந்த இரவில் இது தெரிந்திருக்கவில்லை.

உரிமையாளருக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. எழுத்து மூலமான குத்தகை முடிந்தும் வெளியேறாதவர்களிடமிருந்து கட்டடத்தை விரைவாக மீட்பதற்கென்றே 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதுவும் நீதிமன்றம் வழியாகத்தான். சாவியோடு போன ஆளால் இரண்டு மாதம் அறை முடங்கிய முதலாளிக்கு அதற்கு முதலில் தேவைப்பட்டது ஒழுங்கான ஒப்பந்தம். அவர் யாருடனும் ஒரு தாள்கூட எழுதிக்கொண்டதில்லை. அட்வான்ஸ் வாங்கி, சாவி கொடுத்து, முடிந்தது கதை.

இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "தாளா? நம்ம ஆளுக்கு எங்க தங்கச்சி தாளு?" என்றார். அவரும் லயத்தில் பிறந்தவர்தான்.

பொகவந்தலாவையில் மிகப் பெரிய வீட்டுக்காரர் யார் என்று கேட்டால் எந்த முதலாளியும் இல்லை, தோட்டங்கள்தான். காணி அரசினுடையது. 1992 இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. குத்தகைக் காலம் 53 வருடம், 2045 வரை. லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறை இருந்தவர்கள் வாடகைக்காரரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. வேலை இருக்கும்வரை வீடு என்பதே நடைமுறை. தோட்டக் குடியிருப்புகள் தொடர்பான 1971 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், வேலை முடிந்தாலும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் ஒருவரைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்ற முடியாது என்று பாதுகாப்புத் தந்தது. மறுபக்கம் 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் உடைமை மீட்டல் சட்டம். அதன் கீழ் வழக்கு வந்தால், அரசு கொடுத்த செல்லுபடியான அனுமதிப் பத்திரமோ எழுத்து மூல அதிகாரமோ காட்டுகிறவர்தான் தப்பலாம். லயத்தில் யாரிடம் இருக்கிறது அப்படி ஒரு தாள்?

எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. 1977 ஓகஸ்ட் வன்செயலில் மலையகத்தில் இருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தன. அப்பாவின் பெரியப்பா குடும்பமும் அப்படித்தான் போனது. போகும்போது தொங்கல் காம்பராவைப் பூட்டிவிட்டுத்தான் போனார்கள். நிலைமை அடங்கியதும் சாமான் எடுக்க அவர் தனியாக வந்தார். அவர் போட்ட பூட்டு அப்படியே இருந்தது. அதே கொண்டியில், அதற்குப் பக்கத்தில், தோட்டத்தின் பூட்டு ஒன்றும் தொங்கியது. தன் சாவியால் தன் பூட்டைத் திறந்துவிட்டு, இஸ்தோப்பில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாராம். யாரும் வரவில்லை. வவுனியாவுக்கே திரும்பிப் போனார். பாட்டி இதைச் சொல்லும்போது "பூட்டுக்கு மேல பூட்டு" என்பாள்.

அந்த இரண்டாவது பூட்டுத்தான் ஸ்மார்ட் பூட்டுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாடகைக்காரரிடம் ஓர் எண் இருக்கிறது, அது அவருடைய பூட்டு. நிர்வாகியின் போனில் இருப்பது மற்றப் பூட்டு. அது கண்ணுக்குத் தெரியாது, தொங்காது, துருப்பிடிக்காது. எங்கள் கொள்ளுப்பாட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடலாம் என்று துரை எழுதித் தரும் தாள். அது இல்லாமல் வேறு தோட்டம் ஆளைச் சேர்க்காது. 1921 இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். கடனையும் கதவையும் ஒன்றாகக் கட்டுவது நமக்குப் புதிய யோசனை இல்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேல்மாடி ஆசிரியைகளில் ஒருவர் படியிறங்கி வந்தார். கிளிநொச்சிக்காரர். நியமனம் கிடைத்து இங்கே வந்து இரண்டு வருடம். பெட்டியைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி விலையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. "அண்ணா, நான் வாற போற நேரம் எல்லாம் உங்கட போனில விழுமோ?"

முதலாளி என்னைப் பார்த்தார். விழும் என்று நான் சொன்னேன்.

"அப்ப எனக்கு என்ர பழைய திறப்பே காணும்" என்றார். (அவர்கள் ஊரில் சாவிக்குத் திறப்பு என்று பெயர். அதுதான் நல்ல சொல் என்று எனக்குத் தோன்றும்.) 2009 இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் குடும்பத்தோடு இருந்தார். அந்த வருட டிசம்பரில் வெளியே போய்வர அனுமதித்தபோது எத்தனை நாளைக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று பதிந்து பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. "அம்மா இப்பவும் வெளிக்கிட்டா எத்தின மணிக்கு வருவம் எண்டு ஆருக்காவது சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிடுவா" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

இதைப் படிக்கின்ற பலருக்கு விளக்கம் தேவைப்படாது. போர்க் காலத்தில் கொழும்பில் அறை எடுத்த ஒவ்வொரு தமிழரும் பொலிஸ் பதிவைப் பற்றித் தெரிந்தவர். வீட்டுக்காரர் பெயர் பதிந்து கொடுக்க வேண்டும். விருந்தாளி வந்தாலும் பதிய வேண்டும். 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்கு நோக்கியும் கிழக்கு நோக்கியும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனு மீது அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. யார் எந்த அறையில் என்ற விபரம் அன்றைக்கு லொட்ஜ் முகாமையாளர்களின் பதிவேட்டில் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. பூட்டு வைத்திருக்கும் பதிவில் நிமிடம்கூட இருக்கும். அது எந்த நாட்டுச் சேவையகத்தில் கிடக்கிறது என்பது பலசரக்குக் கடை முதலாளிக்குத் தெரியாது. ஆனால் யாராவது சீருடையில் வந்து "போனைக் காட்டு" என்றால் அவர் காட்டத்தான் வேண்டியிருக்கும். அவரைக் குறை சொல்லி என்ன?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைரேகை போன்ற உயிரளவியல் விபரங்களை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அதன் பல பிரிவுகள் நடைமுறைக்கு வருவது தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. ஆகவே இன்றைக்கு ஒரு வாடகைக்காரரின் பாதுகாப்பு, வீட்டுக்காரரோடு அவர் பேசி வாங்கிக்கொள்வதுதான்.

இதை முன்கூட்டியே பேசி வாங்கியவர்கள் நியூயோர்க்கில் இருக்கிறார்கள். மன்ஹட்டனின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் ஒரு பழைய குடியிருப்பின் பொது வாசலில் உரிமையாளர்கள் லாட்ச் என்ற நிறுவனத்தின் ஸ்மார்ட் பூட்டைப் பொருத்தினார்கள். ஸ்மார்ட் போன் பாவிக்காத முதியவர்களுக்கு வீட்டுக்குள் போய்வருவதே சிரமமாகிவிட்டது. எங்கள் நடமாட்டம் எங்கே பதியப்படுகிறது என்றும் கேட்டு வாடகைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 மே மாதம் வழக்கு இணக்கத்தில் முடிந்தது: கேட்பவர்களுக்குச் சாதாரண உலோகச் சாவி கொடுக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து, 2021 இல், நியூயோர்க் நகரசபை வாடகைக்காரர் தரவுக்கென்றே ஒரு சட்டம் நிறைவேற்றியது. வாடகைக்காரரின் சம்மதம் வேண்டும். கதவு திறந்த பதிவை 90 நாளுக்குள் அழிக்க வேண்டும். அதை வைத்து அவரைத் தொந்தரவு செய்யவோ வெளியேற்றவோ கூடாது. வழக்கில் நின்றவர்கள் சிலர்தான்.

ஆகவே முதலாளி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: படிக்கட்டு அடியில் உள்ள பொதுக் கேற்றுக்குப் போடுங்கள், அறைக் கதவுக்கு வேண்டாம். கேற்றில் நான்கு பேருக்கும் ஒரே எண்; யார் எத்தனை மணிக்கு என்று பிரித்தறிய முடியாது. ஆள் மாறினால் எண்ணை மாற்றலாம், நகல் சாவிப் பயம் தீர்ந்தது. கேட்வேயைப் பொருத்த வேண்டாம். விரல் பதிய வேண்டாம். கேற்றுக்கும் சாதாரணச் சாவி ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். அறைக்கு ஆள் மாறும்போது உட்கூட்டை மட்டும் மாற்றக்கூடிய பூட்டு ஹட்டனில் ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும், செலவு குறைவு. வாடகைப் பாக்கிக்குப் பூட்டு மருந்தில்லை. அதற்கு ஒப்பந்தம் எழுதுங்கள்.

யாராவது கட்டாயம் அறைக்கே போடுகிறேன் என்றால், நிர்வாகி வாடகைக்காரராகவே இருக்கட்டும். அவர் போகும்போது உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம். சில பூட்டுகளில் அது முடியும். முடியாத பூட்டை வாங்காமல் விடலாம்.

முதலாளி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்படியானால் மகன் அனுப்பிய மற்ற மூன்றையும் என்ன செய்வது என்பதுதான் அவருடைய கவலை. ஒன்றைக் கடைக்குப் பின்னால் சாமான் அறைக்குப் போடலாம் என்றேன். அங்கே யாரும் குடியிருக்கவில்லை, அரிசி மூட்டைதான் இருக்கிறது. பிறகு செயலியை எப்படித் திறப்பது என்று காட்டச் சொல்லிப் போனை நீட்டினார். மகன் ஏற்கெனவே எல்லாம் தயார்செய்து வைத்திருந்தார். நிர்வாகி என்ற இடத்தைத் தொட்டேன். அங்கே இருந்தது மகனின் மின்னஞ்சல். பொகவந்தலாவையில் நான்கு கதவுகளுக்கும் கடைசிச் சொல் டுபாயில் இருந்தது.

"அப்ப இது நம்ம கையிலயும் இல்லியா?" என்று கேட்டவர், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மகனுக்கு வட்ஸ்அப் கோல் எடுத்தார். அங்கே வேலை நேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.